கற்ற இடமும் கடன்பட்ட இடமும்

மருத்துவம் நூலினால் மட்டும் வருவதன்று. நாடி பார்த்துப் பழக ஒரு கை வேண்டும். இதய ஒலியைக் கேட்டுப் பழக ஒரு மார்பு வேண்டும். ஊசியை முதன்முதலாகச் செலுத்திப் பார்க்க ஒரு தோள் வேண்டும். அந்தக் கையும் மார்பும் தோளும் யாருடையவை? மருத்துவக் கல்வியின் வரலாற்றைப் புரட்டுவோருக்கு இவ்வினாவின் விடை விரைவில் கிடைத்துவிடும். அவை பெரும்பாலும் ஏழையினுடையவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனிலும் நியூயார்க்கிலும் பணம் படைத்தவர் நோயுற்றால் மருத்துவர் அவருடைய வீட்டுக்குச் சென்றார். பணமற்றவர் நோயுற்றால் அவரே அறமருத்துவமனையை நாடிச் சென்றார். அங்கே அவருடைய கட்டிலைச் சூழ்ந்து மாணவர் நின்றனர். அவர் கட்டணம் தரவில்லை. கட்டணத்துக்கு ஈடாகத் தம் உடலைப் பாடநூலாகத் திறந்து வைத்தார். எவரும் எழுதிக் கையெழுத்திடாத ஓர் ஒப்பந்தம் அது. மாணவர் கற்றுத் தேர்ந்தபின் யாது செய்தார்? பெரும்பாலும், தமக்குப் பாடமாகிய கட்டிலை விட்டு நீங்கி, கட்டணம் தரவல்லவர் வாழும் தெருவில் பெயர்ப்பலகையை மாட்டினார்.

இதில் குற்றம் உண்டா என்று கேட்டால் உடனே ஆம் என்று கூறிவிட இயலாது. நோயாளிக்கு மருத்துவம் கிடைத்தது; மாணவருக்குக் கல்வி கிடைத்தது; எவருடைய பொருளையும் எவரும் கவரவில்லை. ஆயினும் மனம் அமைதி கொள்ள மறுக்கிறது. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் இந்த அமைதியின்மையை நன்கு அறிவர். பயிற்சிக் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பப்படும் இளம் ஆசிரியர், சில வாரங்கள் ஒரு வகுப்பில் தட்டுத்தடுமாறிக் கற்பிக்கிறார். அவருடைய தவறுகளை நாற்பது பிள்ளைகள் சுமக்கின்றனர். பயிற்சி முடிந்ததும் அவர் புறப்பட்டுவிடுகிறார். பின்னாளில் அவர் நல்லாசிரியர் எனப் பெயர் பெறுவது உறுதி; ஆனால் அந்தப் பெயரின் பயன் வேறொரு பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. முதல் நாற்பது பிள்ளைகளுக்கு அவர் என்ன கடன்பட்டிருக்கிறார்? எந்தப் பாடத்திட்டத்திலும் இக்கேள்வி இடம்பெறுவதில்லை.

செருமானிய மெய்யறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறநூல் ஒன்றில், மனிதனை வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தலாகாது என்று நிறுவினார். ‘மட்டும்’ என்னும் சொல்லே இங்குக் கவனிக்கத்தக்கது. மனிதர் ஒருவரை ஒருவர் நாள்தோறும் பயன்படுத்தியே வாழ்கின்றனர், அதில் இழுக்கில்லை. பயன்பட்டவரும் தமக்கென ஒரு நோக்கமும் நலனும் உடையவர் என்பதை மறந்துபோகும்போதே இழுக்கு நேர்கிறது. ஆகவே ஏழையிடம் மருத்துவர் கற்கலாமா என்று கேட்பதில் பொருளில்லை. கற்றே ஆகவேண்டும். அப்படிக் கற்றபின் அந்த ஏழைக்கு என்ன எஞ்சுகிறது என்பதே கேட்கத்தக்கது.

இதற்கு ஒரு விடைகாணும் முயற்சி, 1970-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தொடங்கிற்று.

அக்காலத்துத் தென் பிராங்க்ஸ், செல்வநாடொன்றின் செல்வநகரில் கிடந்த வறுமைத் திட்டு. கறுப்பின மக்களும் புவெர்ட்டோ ரிக்கோ தீவினரும் அங்கு நெருங்கி வாழ்ந்தனர். ஆலைகள் மூடப்பட்டன, பராமரிப்பற்ற அடுக்குமாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 1977-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அங்குள்ள சார்லட் தெருவுக்கு வந்து நின்றபோது, அவரைச் சுற்றி இடிபாடுகளே இருந்தன. அப்பகுதி மக்கள் நம்பியிருந்த லிங்கன் மருத்துவமனையின் கட்டடம் சிதைந்திருந்தது. புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர் இயக்கமாகிய யங் லார்ட்ஸ், 1970 ஜூலை 14 அன்று அம்மருத்துவமனைக்குள் நுழைந்து சில மணி நேரம் அதனைக் கைப்பற்றி வைத்திருந்தது. நோயாளியை மதித்து நடத்தவேண்டும், மருத்துவமனை நடப்பில் ஊராருக்கும் பங்கு வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகளுள் அடங்கும். அம்முறை சரியா என்று விவாதிக்கலாம். ஆயினும், பாடநூலாக இருந்தவர்கள் வாய்திறந்து பேசிய நாள் அது என்பதை மறுக்க இயலாது.

அதே ஆண்டில், பிராங்க்ஸின் மற்றொரு மருத்துவமனையாகிய மாண்டிஃபியோரில் ஹெரால்டு வைஸ் என்னும் மருத்துவர் சமூக மருத்துவப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றவர் தனித்துத் தொழில் நடத்துவதற்கு முன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பயிற்சி பெறுவர். குடும்ப மருத்துவம் ஒரு தனித்துறையாக அங்கு ஏற்கப்பட்டது 1969-இல்தான். அதற்கு மூன்றாண்டுப் பயிற்சி வகுக்கப்பட்டது. வைஸ் செய்த மாற்றம், பயிற்சியின் ஒரு பகுதியை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து எடுத்து, மக்கள் குடியிருக்கும் தெருவில் அமைந்த சிறிய நலநிலையத்தில் வைத்ததாகும். பயிற்சி மருத்துவர் தமக்கென்று சில குடும்பங்களை ஏற்றுக்கொள்வார். அவர்கள் பேசும் ஸ்பானிய மொழியைக் கற்பார். அவர்கள் குடியிருக்கும் கட்டடங்களை அறிவார். பயிற்சி முடியுமுன் அச்சமூகத்தைப் பற்றிய ஓர் ஆய்வுப் பணியையும் செய்து முடிப்பார்.

இம்மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு நோயைக்கொண்டு விளக்கலாம்.

அந்தப் பழைய அடுக்குமாடிகளின் சுவர்களுக்கு ஈயம் கலந்த சாயம் பூசப்பட்டிருந்தது. நியூயார்க் நகரம் வீட்டினுள் அச்சாயத்தைப் பூசுவதை 1960-இல் தடைசெய்தது. நாடு முழுவதற்குமான தடை 1978-இல் வந்தது. ஆனால் தடை புதிய சாயத்துக்கே. பழைய சுவர் பழைய சுவராகவே நின்றது. மழைநீர் கசிந்து சாயம் செதில்செதிலாக உதிர்ந்தது. ஈயச் சாயத்துக்கு ஓர் இனிப்புச் சுவை உண்டு. தவழும் குழந்தை அதனைப் பொறுக்கி வாயிலிட்டது. ஈயம் மிகுதியாகச் சேர்ந்தால் வலிப்பு வரும், உயிரும் போகும். குறைவாகச் சேர்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மூளையின் வளர்ச்சி மட்டும் குன்றும். சில ஆண்டுகள் கழித்து அக்குழந்தை பள்ளிக்கு வரும். எழுத்து நிற்காது, கவனம் நிற்காது. ஆசிரியர் மந்தபுத்தி என்பார், அல்லது அடங்காப் பிள்ளை என்பார்.

மருத்துவமனையில் மட்டும் கற்ற மருத்துவரிடம் இக்குழந்தை வந்தால் அவர் செம்மையாகவே மருத்துவம் செய்வார். இரத்தத்தைச் சோதிப்பார், ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தைச் செலுத்துவார், அளவு குறைந்ததும் வீட்டுக்கு அனுப்புவார். எந்த வீட்டுக்கு? அதே சுவருள்ள வீட்டுக்கு. சில மாதங்களில் குழந்தை மீண்டும் வரும். மருத்துவர் மீண்டும் செம்மையாக மருத்துவம் செய்வார். அவருடைய பாடத்தில் பிழையே இல்லை; அவர் நூறு மதிப்பெண் பெறத்தக்கவர். குழந்தை மட்டும் நலமடையவில்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைக் கூறுகிறது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன். தமிழாசிரியர் அனைவரும் பலமுறை நடத்திய குறள் அது. பிராங்க்ஸ் குழந்தையின் கதையில் ஐந்தாவதாக ஒரு சுவர் வந்து நிற்கிறது. சுவருக்குப் பின்னால் வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரர் நிற்கிறார்; அவருக்குப் பின்னால் புகாரைப் பெற்றுக்கொண்டு வாளாவிருக்கும் அலுவலகம் நிற்கிறது. சுவரைச் சுரண்டிப் புதுச்சாயம் பூசச் சொல்லி மடல் எழுதுவதும், அம்மடல் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று அறிந்திருப்பதும், அக்குழந்தையைப் பொறுத்தவரை மருத்துவத்தின் பகுதிகளே. இவற்றை அறியாதவர் அந்நோயை அறிந்தவராகார்.

இதனை யார் கற்பிப்பது? பேராசிரியர்களுக்கே அது தெரியாது. இவ்விடத்தில்தான் பிராங்க்ஸ் முயற்சியின் உயர்ந்த பகுதி வெளிப்படுகிறது. வைஸ் முன்னரே பணியாற்றிய மார்ட்டின் லூதர் கிங் நலநிலையத்தில், அத்தெருக்களில் வாழ்ந்த பெண்கள் குடும்பநலப் பணியாளராகப் பயிற்றப்பட்டிருந்தனர். பெரும்படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் எந்தக் கட்டடத்தில் வெந்நீர் வராது, எந்தத் தாய் கணவனுக்கு அஞ்சி மருந்தை மறைத்து வைக்கிறாள், எந்தக் கிழவர் மாத்திரை வாங்கும் பணத்தில் பேரனுக்குக் காலணி வாங்குகிறார் என்பன போன்றவற்றை அறிய வாய்ப்புள்ளவர்கள் அவர்களே. மருத்துவரும் செவிலியரும் அவர்களும் ஒரு குழுவாகப் பணியாற்றினர். பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவர், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத ஒரு தாயிடம் பாடம் கேட்கும் நிலை அங்கு உண்டாயிற்று. பழைய ஒப்பந்தத்தில் ஏழை பாடநூல். இங்கே ஏழை ஆசிரியர். ஒருவரைப் பாடநூலாகக் கொள்வதற்கும் ஆசிரியராகக் கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்ட் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் எதிர்ப்புரைகள் வலியவை.

முதல் எதிர்ப்புரை இது: ஏழைகள் வாழும் இடத்தில் பயிற்சி நிலையம் வைப்பதென்றால், ஏழைகளுக்கு என்றும் பயிற்சி மருத்துவரே வாய்ப்பர் என்பதன்றோ பொருள்? செல்வருக்கு இருபதாண்டு அனுபவம் வாய்ந்த மருத்துவர். ஏழைக்கு நேற்று வந்தவர். அன்பும் ஆர்வமும் மிக்கவராக அவர் இருக்கலாம். எனினும் புதியவர் புதியவரே. பழைய ஏற்றத்தாழ்வுக்குப் புதிய சாயம் பூசியதாகாதா இது?

இரண்டாவது, பயிற்சி பெற்றவர் அங்கேயே தங்குகிறாரா என்பது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவப் பயிற்சி பெறுவோருள் பாதிக்கும் மேற்பட்டோர், பயிற்சி பெற்ற இடத்திலிருந்து நூறு மைலுக்குள்ளேயே தொழில் நடத்துகின்றனர் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால் பிராங்க்ஸிலிருந்து நூறு மைல் என்பது எவ்வளவு தாராளமான எல்லை! அமெரிக்கப் பெருஞ்செல்வர் பலருடைய தோட்ட மாளிகைகளும் அந்த நூறு மைலுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் கட்டாயப்படுத்தலாமா? அமெரிக்க அரசு 1970-இல் தேசிய நலச் சேவைப் படை ஒன்றை நிறுவி, 1972-இல் அதனோடு உதவித்தொகையையும் இணைத்தது. படிப்புச் செலவை அரசு ஏற்கும், உதவி பெற்ற ஒவ்வோராண்டுக்கும் மருத்துவர் பற்றாக்குறையுள்ள இடத்தில் ஓராண்டு பணியாற்றவேண்டும், ஈராண்டுக்குக் குறையலாகாது. இதனைக் கட்டாயம் என்பதைவிட உடன்படிக்கை என்பதே பொருந்தும், விரும்பியவரே சேர்கின்றனர். இதனால் பல்லாயிரம் மருத்துவர் ஏழைகளின் இடங்களுக்குச் சென்றனர். அது சிறிய நன்மையன்று. ஆனால் கணக்குப் பார்த்துத் தீர்க்கப்படும் கடனுக்கு ஓர் இயல்பு உண்டு: கடைசித் தவணை கட்டும் நாளை அது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். பணத்துக்குப் பட்ட கடன் பணியால் தீரும். ஒருவருடைய உடலில் கற்றதற்குப் பட்ட கடனும் அவ்வாறே தீருமா என்பது ஐயத்துக்குரியது.

மூன்றாவது எதிர்ப்புரையே எல்லாவற்றிலும் கடுமையானது. நல்ல மருத்துவரை அனுப்புவதால், அந்தச் சுவரைச் செப்பனிடவேண்டியவர்கள் தப்பித்துக்கொள்கின்றனர் என்பது அது. எரியும் கட்டடத்தின் வாயிலில் களிம்போடு ஒருவரை நிறுத்திவிட்டால் தீயை யாரும் அணைக்கமாட்டார்கள். மருத்துவரின் ஈகை அரசின் அலட்சியத்துக்குத் திரையாகிறது.

இதற்கு விடை கூறியவர்களுள் ஜாக் கைகர் குறிப்பிடத்தக்கவர். அவர் மாணவராயிருந்தபோது தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் மருத்துவத் தம்பதியர் 1940-இல் பொலேலாவில் தொடங்கியிருந்த சமூக நலப் பணியைக் கண்டு கற்றவர். நாடு திரும்பியபின் 1965-இல் பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயிண்ட் குடியிருப்பில் ஒரு நலநிலையத்தையும், பின்னர் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூராகிய மவுண்ட் பாயுவில் மற்றொன்றையும் தோற்றுவிக்கக் காரணமானார். மவுண்ட் பாயுவில் பசியால் வாடிய குழந்தைகளுக்கு அவருடைய நிலையத்து மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தனர். மளிகைக் கடைக்காரர் சீட்டைப் பெற்றுக்கொண்டு உணவைக் கொடுத்தார். விலைப்பட்டியல் நலநிலையத்தின் மருந்தகக் கணக்குக்கு வந்தது. மருந்துக்கு ஒதுக்கிய பணத்தை உணவுக்குச் செலவிடலாமா என்று மேலிடத்தார் கேட்டனர். ஊட்டக்குறைவு என்னும் நோய்க்கு நூல்கள் கூறும் மருந்து உணவே என்ற கருத்தில் கைகர் விடையிறுத்தார். அந்தச் சீட்டு பசியைத் தணித்ததோடு, பசியை அரசின் கணக்கேட்டில் பதியவும் வைத்தது. இத்தகைய மருத்துவர் திரையாக மாட்டார், திரையை விலக்குவார். ஆனால் எல்லாரும் கைகராக முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அமெரிக்காவில் மருத்துவத்துக்குப் பணம் வேண்டும். அதனால்தான் இத்தொல்லைகள் என்று எண்ணுவோர் பிரிட்டனை நோக்குவது நலம். 1948 முதல் அங்குத் தேசிய மருத்துவச் சேவை நடைபெறுகிறது. மருத்துவரைக் காண ஏழையும் செல்வரும் காசு கொடுப்பதில்லை. ஆயினும் 1971-இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவர், லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஒரு விதியைக் கண்டு கூறினார்: நல்ல மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில் அது குறைவாகக் கிடைக்கிறது, தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகக் கிடைக்கிறது. சந்தையின் ஆட்சி எங்கு மிகுதியோ அங்கு இவ்விதியின் ஆட்சியும் மிகுதி என்றும் அவர் சேர்த்துக் கூறினார். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

அவருடைய விதியின் தடத்தை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இன்றும் காணலாம். உலக நல நிறுவனத்தின் ஆணைக்குழு ஒன்று 2008-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நகரின் கால்டன் பகுதியில் பிறக்கும் ஆணின் சராசரி வாழ்நாள் 54 ஆண்டு என்றும், சில மைல் தொலைவிலுள்ள லென்ஸியில் 82 ஆண்டு என்றும் காட்டியது. இடையே 28 ஆண்டு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஸ்காட்லாந்தின் மிக வறிய பகுதிகளில் ஒருவருக்குப் பல நோய்கள் ஒருங்கே தோன்றுவது, செல்வப் பகுதிகளைவிடப் பத்து முதல் பதினைந்து ஆண்டு முன்னதாகவே நிகழ்கிறது என்று கண்டது. நோய் இவ்வாறு முந்திக்கொண்டு வர, மருத்துவரின் எண்ணிக்கையோ இரு பகுதிகளிலும் மக்கள்தொகைக்கு ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தது. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் என்பது எங்கும் ஒரே கணக்கு. லென்ஸியில் ஒரு நோயோடு வருபவருக்கும் பத்து நிமிடம். கால்டனில் மூச்சிரைப்பு, நீரிழிவு, மனச்சோர்வு, குடிப்பழக்கம், வாடகைப் பாக்கி ஆகிய ஐந்தோடும் வருபவருக்கும் பத்து நிமிடம். சமமாகப் பங்கிடுவதே நீதி என்று கருதும் நிருவாகிகள் இந்தப் பத்து நிமிடத்தைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

2009-இல் ஸ்காட்லாந்தின் மிக வறிய மக்களுக்குப் பணிபுரியும் நூறு மருத்துவ நிலையங்களின் குடும்ப மருத்துவர்கள் ஒன்றுகூடினர். பெரும்பாலானவை கிளாஸ்கோவில் உள்ளவை. நீச்சற்குளத்தின் ஆழமான பகுதியில் நிற்பவர்கள் என்ற பொருளில் தங்கள் குழுவுக்குப் பெயரிட்டுக்கொண்டனர். கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகாம் வாட் அவர்களை ஒருங்கிணைத்தார். அவர் இளமையில் டியூடர் ஹார்ட்டுடன் பணியாற்றியவர். அக்குழுவின் முயற்சியால் 2016-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், இளம் குடும்ப மருத்துவர் சிலர் அந்நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய நேரத்தில் ஒரு பகுதி கற்றலுக்கென்று ஒதுக்கப்பட்டது. அவர்கள் வந்ததனால் மூத்த மருத்துவர்களுக்கும் சிறிது நேரம் மிச்சமாயிற்று. அந்நேரத்தை அவர்கள் சிக்கல் மிகுந்த நோயாளிகளுக்கும் நிலையத்தின் மேம்பாட்டுக்கும் செலவிட்டனர். இங்கே பயிற்சி பெற வந்தவர் அவ்விடத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், அவ்விடத்துக்கு நேரத்தைக் கொடுக்கிறார். முதல் எதிர்ப்புரைக்கு இதில் ஒரு விடை இருக்கிறது: புதியவர் மூத்தவருக்குப் பதிலாக வரலாகாது, மூத்தவரோடு கூட வரவேண்டும்.

அந்த மூத்தவர் எங்கிருந்து வருவார் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. டியூடர் ஹார்ட் வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்னும் சுரங்க ஊரில் 1961 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் மருத்துவராயிருந்தார். அது நகரமன்று, ஆயினும் வறுமைக்கு ஊரென்றும் நகரென்றும் பெரிய வேறுபாடில்லை. தம் நோயாளிகளுள் வளர்ந்தோர் அனைவருடைய இரத்த அழுத்தத்தையும், அவர்கள் வேறெதற்கு வந்தாலும் விடாது அளந்து குறித்தார். கேட்டு வந்தவருக்கு மட்டுமன்றிக் கேளாதவருக்கும் மருத்துவர் பொறுப்புடையவர் என்பது அவர் கொள்கை. கால்நூற்றாண்டு கழித்து அவரும் உடனிருந்தோரும் 1991-இல் வெளியிட்ட கணக்கில், அவ்வூரில் அகால மரணம் அண்டை ஊரைவிடக் குறைந்திருந்தது தெரிந்தது. அக்கணக்கை மூன்றாண்டில் யாராலும் எழுதியிருக்க முடியாது. நார்வேயில் ஏறத்தாழ 45 இலட்சம் மக்களின் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதனையே வேறு வகையில் காட்டிற்று. ஒரே குடும்ப மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்தவர்களிடையே, ஓராண்டே இருந்தவர்களைவிட, இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைவாயிருந்தது. இதற்கெனப் புதிய மருந்தோ கருவியோ இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர், அவ்வளவே.

ஆகவே, ஏழைகளிடையே மருத்துவரைப் பயிற்றுவோர் மாணவர் எத்தனை பேர் தங்கினர் என்று எண்ணுவதோடு, ஆசிரியர் எத்தனை ஆண்டு தங்கினார் என்றும் எண்ணவேண்டும். மாணவர் போவது இயற்கை. பள்ளியிலும் பிள்ளைகள் ஆண்டுதோறும் போகின்றனர். பள்ளி நிற்பது ஆசிரியரால். அத்தெருவிலேயே இருபதாண்டு, முப்பதாண்டு நிலைத்திருக்கும் மருத்துவ ஆசிரியருக்குத் தக்க ஊதியமும் மதிப்பும் வேண்டும்; அவருக்கும் வீடு, மனைவி மக்கள், அயர்ச்சி எல்லாம் உண்டு. ஆனால் பணத்தின் பாதை வேறாக இருந்தது. அமெரிக்காவில் 1965 முதல் மருத்துவப் பயிற்சிக்கான அரசுப் பணத்தின் பெரும்பகுதி பெரிய மருத்துவமனைகள் வழியாகவே சென்றது. பயிற்சியும் பணம் இருந்த இடத்துக்கே சென்றது. தெருவோர நலநிலையங்களுக்கு நேரடியாகப் பயிற்சிப் பணம் தரும் திட்டம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் வந்தது. நாற்பதாண்டுக்கு முன் பிராங்க்ஸில் கண்டறிந்த உண்மைக்கு ஒரு கணக்குத் தலைப்பு கிடைக்க அத்துணைக் காலம் ஆயிற்று.

இத்தனையும் செம்மையாக நடந்தாலும் ஒரு மிச்சம் இருந்தே தீரும். அமெரிக்காவில் பயிற்சி ஆண்டு ஜூன் 30-இல் முடிந்து ஜூலை முதல் நாள் தொடங்குவது வழக்கம். ஒவ்வோராண்டும் அந்த ஜூன் மாதத்தில், விடைபெறும் மருத்துவர்கள் தங்கள் குடும்பங்களின் பட்டியலைப் புதிதாக வருபவர்களிடம் ஒப்படைப்பர். பயிற்சி நிலையம் ஒன்றில் இருபத்தோராண்டாக மருத்துவம் பெறும் முதியவள் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். மூன்றாண்டுக்கு ஒருவராக இதுவரை ஏழு மருத்துவர்கள் அவளைப் பார்த்திருப்பர். நீரிழிவை எப்படிக் கவனிப்பது என்று எழுவரும் அவளிடம் கற்றிருப்பர். எந்த மாத்திரை தலைசுற்றலைத் தரும் என்பதையும், மகன் சிறைக்குச் சென்ற ஆண்டில் சர்க்கரை ஏன் ஏறிற்று என்பதையும் எழுவருக்கும் அவள் முதலிலிருந்து கூறியிருப்பாள். ஐந்தாமவர் அழுதுகொண்டு விடைபெற்றார். ஏழாமவர் தம் முகவரியைக் கொடுத்துச் சென்றார். எழுவரும் நல்லவர்கள் என்றே அவள் சொல்வாள். நிலையத்தின் மூத்த மருத்துவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். வழியில் கண்டால் அவளைப் பெயர் சொல்லி அழைப்பார். ஜூலை முதல் வாரத்தில் எட்டாமவர் வருவார். அவருடைய பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுவதற்காக, அவள் அதனை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போவாள்.